இஸ்திரி போட்ட அட்டவணை

எங்க அண்ணியோட முகம் இந்த ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவங்க ஒருத்தர் கிடையாது. எந்த பஸ் எந்த நடைமேடையில நிக்குது, எது லேட்டு, எது கிளம்பப் போகுதுன்னு பஸ் நிலையத்து மைக்குல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சொல்றது அவங்கதான். கடையில போய் "அரைக் கிலோ வெங்காயம்"னு அவங்க வாயத் திறந்தா, பக்கத்துல நிக்கிறவங்க பையத் தூக்கிக்கிட்டு ஓடத் தயாராயிடுவாங்க. வீட்டுலயும் அதே குரல்தான். சாப்பாடு ஆயிடுச்சுன்னு கூப்பிட்டாங்கன்னா, எத்தனாவது நடைமேடைன்னு கேக்கத் தோணும்.

நான் அவங்க நாத்தனார். அதே நிலையத்துல, பயணிங்க பெட்டி படுக்கையப் பத்திரமா வெச்சுத் தர்ற அறையில எனக்கு வேலை. பழைய கட்டடத்துல அறிவிப்பு அறைக்கும் என் அறைக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கோபம் மூக்கு மேல நிக்கும், அத இப்பவே சொல்லிடறேன். எங்க அண்ணன "அவன்"னுதான் சொல்லுவேன், அண்ணிய "அவங்க"ன்னுதான் சொல்லுவேன். மரியாதைங்கறது கேட்டு வாங்கற சமாச்சாரம் இல்ல. அண்ணன் நிலையத்துக்கு எதிர்லயே இஸ்திரிக் கடை வெச்சிருக்கான். டிரைவர், கண்டக்டர் சட்டை எல்லாம் அவன் கைக்குப் போய்த்தான் வரும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் அறைக்கு வந்தீங்கன்னா, பெட்டிகளுக்கு நடுவுல அண்ணி, விரலால தடவிப் படிக்கிற பிரெயில் எழுத்துக்கு வகுப்பு நடத்தறதப் பாக்கலாம். பாதி வயசுக்கு மேல பார்வை போனவங்கதான் மாணவர்கள். ஒரு லாரி மெக்கானிக் வர்றாரு, வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கின ஒரு நர்ஸம்மா வர்றாங்க, அப்பப்போ வேற யாராவது. அந்த வகுப்புல முதல் நாள் முதல் சட்டம், எழுதின தாள இஸ்திரிக் கடைப் பக்கம் கொண்டுபோகக் கூடாதுங்கறதுதான். கேக்கறவங்க சிரிப்பாங்க. அது சிரிக்கிற விஷயமா ஆகறதுக்கு முன்னாடி நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அண்ணிக்குக் கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போச்சு. ஒரேடியாப் போகல. ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கிட்டே வந்துச்சு. இனிமே திரும்பாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது. எப்படித் தெரியும்? இவங்கதான் முழு அட்டவணையையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தாங்களே. வெறும் தாள முன்னாடி வெச்சுக்கிட்டு, பாத்துப் படிக்கிற மாதிரியே தலையக் கூட ஆட்டுவாங்க. கெட்டிக்காரத்தனம்னா அப்படியொரு கெட்டிக்காரத்தனம்.

ஒரு திங்கக்கிழமை அட்டவணை மாறிடுச்சு. புதுத் தாள யாரோ மேசையில வெச்சுட்டுப் போயிருக்காங்க, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. அண்ணி பழையதையே ஏத்த இறக்கத்தோட அழகாச் சொன்னாங்க. துறைமுகத்துக்குப் போக வேண்டியவங்க பூரா ஆஸ்பத்திரி பஸ்ல ஏறிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவங்க துறைமுகத்துல இறங்கி, வார்டு எங்கன்னு மீன் லாரிக்காரங்ககிட்டக் கேட்டிருக்காங்க. அன்னிக்கு விஷயம் வெளியில வந்துடுச்சு.

நிலைய அதிகாரி நல்ல மனுஷன். கத்தல. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து காதுல படிச்சுச் சொல்லட்டும், நீங்க மைக்குல சொல்லுங்கன்னாரு. பக்கத்துல இருக்கறது யாரு? நான்தான். ரெண்டு நாள் ஒழுங்காத்தான் போச்சு. மூணாம் நாள் ஒருத்தர் பெட்டியக் கேட்டு என் ஜன்னல டமடமன்னு தட்டினாரு. "கொஞ்சம் பொறுங்களேன், உங்க பெட்டிய நான் என்ன தின்னவா போறேன்"னு கத்திட்டேன். மைக் போட்டபடியே இருந்துச்சு, நிலையம் பூரா கேட்டுச்சு. பஸ் ஏற நின்னவங்கல்லாம் அவங்கவங்க பெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்களாம். அதோட அந்த ஏற்பாடு முடிஞ்சுது.

அப்புறம் அதிகாரி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உடைச்சுச் சொன்னாரு. நிலையத்துக்குப் புதுக் கட்டடம் ஆறேழு மாசத்துல கட்டி முடியப் போகுது. திறக்கிற அன்னிக்கே, பேசி வெச்ச குரல ஓட்டற இயந்திரத்த மாட்டிடலாம்னு தலைமை அலுவலகம் நினைக்குது. அண்ணிக்குச் சம்பளம் குறையாது, உள்ள ஒரு நாற்காலி போட்டுத் தருவாங்க, வந்து உக்காந்துட்டுப் போனாப் போதும். அண்ணி நேரா அவரு குரல் வந்த பக்கம் திரும்பினாங்க.

"எனக்கு நாற்காலி வேணாம் சார். மைக்தான் வேணும்."

யார் துணையும் இல்லாம நானே படிச்சுச் சொன்னா விடுவீங்களான்னு கேட்டாங்க. எப்படிம்மா படிப்பீங்கன்னு அவருக்கு ஒண்ணும் புரியல. ஆனா மேல பேசிப் பாத்து, சரின்னு வாங்கிட்டு வந்தாரு. திறப்பு நாள்ல, பெரிய அதிகாரி முன்னாடி, புது அட்டவணை முழுசையும் அண்ணி அவங்களாவே படிக்கணும். படிச்சா மைக் அவங்களுக்கு. தடுமாறினா இயந்திரம். வெளிய வந்ததும் நான் கேட்டேன், "அண்ணி, உங்களுக்கு பிரெயில்ல ஒரு எழுத்தாவது தெரியுமா?" தெரியாதுன்னாங்க. 

சொல்லிக் குடுக்க வந்தது ஒரு சின்னப் பொண்ணு. பிறந்ததுலேர்ந்தே பார்வை இல்ல, பார்வையில்லாதவங்க பள்ளிக்கூடத்துல டீச்சர். எதுக்கெடுத்தாலும் சிரிப்பா, தப்புப் பண்ணினா இன்னும் ஜாஸ்தி சிரிப்பா. பாடம் நடந்தது அண்ணன் கடையில, துணி மடிக்கிற மேசையில. முட்டை அடுக்கற அட்டையில ஆறு குழி வர்ற மாதிரி வெட்டி எடுத்துக்கிட்டு வந்திருந்தா. அதுல எலுமிச்சம்பழத்த வெச்சு வெச்சு எழுத்தக் காட்டினா. இந்தக் குழியில மட்டும் பழம் இருந்தா இந்த எழுத்து, இதுலயும் இதுலயும் இருந்தா அந்த எழுத்து. ஆறே ஆறு புள்ளிதான் அக்கா, அதுக்குள்ள மொத்த மொழியும் இருக்குன்னா.

பழத்துல எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. தாளுக்கு வந்ததும் அண்ணி திணறிட்டாங்க. அது என்னமோ மணல் மாதிரி இருக்கு, எழுத்து மாதிரி இல்லன்னாங்க. தெரியலைன்னதும் இன்னும் பலமா அழுத்தினாங்க. அழுத்த அழுத்தப் புள்ளி படிஞ்சு போச்சு. "அக்கா, அது காலிங் பெல் இல்ல, தொட்டா மட்டும் போதும்"னு சொல்லி அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒருத்தர் உயிரக் குடுத்துப் படிக்கிறாங்க, இவளுக்கு என்ன சிரிப்புன்னு கேட்டே கேட்டுட்டேன். அவ கோவிச்சுக்கல. நான் படிக்கும்போது இதவிட மோசமாப் பண்ணினேன், எனக்கு எங்க டீச்சர் கையில ஒண்ணு போடுவாங்க, அதுக்கு இது பரவாயில்லையான்னா. 

அண்ணி அழுத நாளும் உண்டு. விரல் மரத்துப் போயிடும், எழுத்து எழுத்தா ஒட்டி ஒரு வார்த்தைக்கு வர்றதுக்குள்ள முன்னாடி படிச்சது மறந்து போயிடும். வாயத் திறந்தா வார்த்தை கொட்டற மனுஷி, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டறதப் பாக்க எனக்கே தாங்கல. அப்படி ஒரு சாயங்காலம் ஒரு துண்டுத் தாள விரலால தடவிக்கிட்டே இருந்தவங்க, திடீர்னு நிமிந்து, மைக்குல சொல்ற குரல்ல "மழை"ன்னாங்க. அண்ணன் காயப்போட்ட துணிய எடுக்க வெளிய ஓடினான். வானம் பளிச்சுன்னு இருக்கு. திரும்பி வந்து திருதிருன்னு முழிச்சான். அண்ணி படிச்ச முதல் வார்த்தை அதுதான். அன்னிக்கு நாங்க சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடைக்காரர் என்னமோ ஏதோன்னு எட்டிப் பாத்தாரு.

அதுக்கப்புறம் அவங்களப் பிடிக்க முடியல. டப்பாவுல, மருந்து பாட்டில்ல, அலமாரியில, எங்க பாத்தாலும் புள்ளி குத்தின சீட்டு. எழுதறதுக்குன்னு ஒரு ஸ்லேட்டு இருக்கு. ரெண்டு தகடுக்கு நடுவுல தாள மாட்டி, சின்னக் குத்தூசியால கட்டத்துக்குள்ள குத்தணும். அதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பின்பக்கத்துலேர்ந்து குத்தறதால எல்லாத்தையும் திருப்பிப் போடணும். எழுத்தக் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிக் குத்தணும், வரிய வலப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு இடப்பக்கமா போகணும். அப்பதான் தாள எடுத்துத் திருப்பினா புள்ளி எழும்பி, எல்லாம் நேரா வந்து நிக்கும். கேட்டப்போ எனக்குத் தலை சுத்துச்சு. அண்ணன் மட்டும் மடிச்ச சட்டைய ஓரமா நகத்திட்டு, நானும் கத்துக்கறேன்னு உக்காந்துட்டான்.

அவன் படிச்சது பூரா கண்ணாலதான். விளக்க சாய்ச்சுப் பிடிச்சு, புள்ளியோட நிழலப் பாத்துப் படிப்பான். அந்தப் பொண்ணு எப்படியோ கண்டுபிடிச்சுடுவா. "அண்ணா, கண்ணால திருடறீங்க"ம்பா. அசடு வழியச் சிரிப்பான். ஆனா எழுத்து ஒவ்வொண்ணையும் திருப்பிக் குத்த நல்லாவே கத்துக்கிட்டான். ஒரு எழுத்து, ரெண்டு எழுத்துதான். முழுசா ஒரு வரி எழுதினதில்ல.

படிக்கத் தெரிஞ்சாப் போதுமா? மைக்குல வாய் விரலுக்காகக் காத்துக்கிட்டு நிக்க முடியாது. வரி முடிஞ்சு அடுத்த வரியத் தேடறதுக்குள்ள பஸ்ஸே போயிடும். அதுக்கும் அந்தப் பொண்ணு வழி சொன்னா. வலது கை ஒரு வரிய முடிக்கும்போதே இடது கை கீழ போய் அடுத்த வரியப் பிடிச்சு வெச்சிருக்கணும். ரெண்டு கையும் மாத்தி மாத்தி ஓடற அழக நாள் பூரா பாத்துக்கிட்டு இருக்கலாம்.

திறப்புக்கு முந்தின நாள்தான் புது அட்டவணை கைக்கு வந்துச்சு. நான் படிக்கப் படிக்க, அண்ணி அறிவிப்பு அறையிலயே உக்காந்து அத்தனையும் குத்தி முடிச்சாங்க. வெளிய வந்தா மழை. இந்தத் தடவை நிஜ மழை. ரோட்டக் கடந்து கடைக்குப் போறதுக்குள்ள பை நனைஞ்சு தாளெல்லாம் சுருண்டு போச்சு. காயட்டும், காலையில எடுத்துக்கறேன்னு அண்ணி மேசை மேல பரப்பி வெச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பிட்டோம். அண்ணன் மட்டும் கடையில இருந்தான்.

காலையில கடைக்குப் போனா, அவன் வாசல்லயே நிக்கிறான், மூஞ்சி பூரா பெருமை. சட்டை மாதிரி மடிச்சு, காகிதத்துல சுத்தி, ரெண்டு கையாலயும் அண்ணிகிட்டக் குடுத்தான். அண்ணி பிரிச்சாங்க. மேல் தாள்ல விரல வெச்சாங்க. அடுத்த தாள். அதுக்கு அடுத்தது. முகத்துல ரத்தமே இல்ல.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

நான் வாங்கிப் பாத்தேன். வழுவழுன்னு இருக்கு. புள்ளி இருந்த இடத்துல வெறும் தடம். நடந்தது இதுதான். பூவேலை போட்ட துணிய இஸ்திரி போடறவங்க, கனமான போர்வை விரிச்சு, துணியக் குப்புறப் போட்டு, பின்பக்கமா தேய்ப்பாங்க. அப்போ பூ நசுங்காது, இன்னும் எழும்பி நிக்கும். எங்க அண்ணன் பிரெயிலும் பூவேலை மாதிரிதானேன்னு, எல்லாத் தாளையும் போர்வையில குப்புறப் போட்டு, ஈரம் போக நிதானமாத் தேய்ச்சிருக்கான். துணியில எழும்பற பூ தாள்ல எழும்புமா? எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, அதையும் தேய்ச்சு மடிச்சு வெச்சுட்டியான்னு வாய்க்கு வந்தபடி கிழிச்சேன். அவன் பேயறைஞ்ச மாதிரி நின்னான். அவனத் திட்டினாலும் என் நினைப்பெல்லாம், அண்ணி கையிலேர்ந்து அந்த மைக் போகப் போகுதேன்னுதான்.

அண்ணிதான் முதல்ல தெளிஞ்சாங்க. "கத்தறத அப்புறம் வெச்சுக்கலாம். ஸ்லேட்ட எடு."

அந்தப் பொண்ணு வெளியூர்லேர்ந்து காலை பஸ்ல வந்துக்கிட்டு இருந்தா, அவளுக்காகக் காத்திருக்க நேரம் இல்ல. அண்ணி ஒருத்தரா எழுதினா பாதிதான் முடியும். கத்துக்க வாங்கின இன்னொரு ஸ்லேட்டு இருந்துச்சு. அண்ணன் அதை எடுத்துக்கிட்டு எதிர்ல உக்காந்தான். அட்டவணையோட முதல் பாதி அண்ணிக்கு, பின் பாதி அவனுக்கு. நான் நடுவுல நின்னு, அவங்களுக்கு ஒரு வரி, இவனுக்கு ஒரு வரின்னு படிச்சேன். டிரைவர் ஒருத்தர் சட்டை கேட்டு வந்தாரு, சுருக்கத்தோடயே போட்டுக்கிட்டுப் போங்கன்னு விரட்டிட்டேன். அண்ணன் நாக்கக் கடிச்சுக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து, குனிஞ்ச தலை நிமிரல. கடைசித் தாள அவன் ஸ்லேட்டுலேர்ந்து எடுக்கவும் அதிகாரியோட ஆள் வந்து அண்ணியக் கூப்பிடவும் சரியா இருந்துச்சு. சரி பாக்க நேரமில்ல. அண்ணன் கூட வரல. நான் வந்தா ராசியில்ல, நீங்க போங்கன்னு கடையிலயே நின்னுட்டான்.

புது அறிவிப்பு அறை கண்ணாடிக் கூண்டு மாதிரி இருந்துச்சு. பெரிய அதிகாரி, கூட நாலு பேரு, நம்ம அதிகாரி, கதவுப் பக்கத்துல நான். அந்த இயந்திரத்தக் கூட ஒரு மூலையில கொண்டுவந்து வெச்சிருந்தாங்க. அண்ணி உக்காந்தாங்க, மைக்கப் போட்டாங்க. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சுது குரல். வலது கை ஓடுது, இடது கை கீழ வந்து பிடிக்குது, ஒரு இடத்துலயும் தட்டல. வெளியில ஜனங்க அப்படியே நின்னு கேக்கறாங்க. பெரிய அதிகாரி கண்ணு அண்ணியோட விரல விட்டு நகரல. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அண்ணி அவங்க தாள முடிச்சாங்க. அண்ணனோட தாள எடுத்தாங்க. விரல் முதல் வரியில போச்சு. நின்னுச்சு. திரும்ப ஆரம்பத்துக்கு வந்துச்சு. மறுபடியும் நின்னுச்சு. நிலையம் பூரா அமைதி. நம்ம அதிகாரி கைக்குட்டைய எடுத்து நெத்தியத் துடைச்சாரு. 

அண்ணியோட விரல் மெதுவா அந்த வரியோட கடைசி வரைக்கும் போச்சு. அங்க ஒரு நொடி இருந்துச்சு. அவங்க உதட்டோரத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, அது எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு நிதானமா இன்னொரு தடவை சொன்னாங்க. சொல்லிட்டு, வரியோட வலது ஓரத்துலேர்ந்து இடப்பக்கமாப் படிக்க ஆரம்பிச்சாங்க. எனக்கு அப்பதான் விளங்குச்சு. எங்க அண்ணன் எழுத்து ஒவ்வொண்ணையும் சரியாத்தான் திருப்பிக் குத்தியிருக்கான். ஆனா அவசரத்துல, பேனா பிடிச்சு எழுதற பழக்கத்துல, வரிய இடப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டான். தாளத் திருப்பினா எல்லா வரியும் பின்னாலேர்ந்து முன்னால ஓடுது. எண்ணுக்கு முன்னாடி வர வேண்டிய குறி பின்னாடி நின்னுச்சாம், அதத் தொட்டதும் பிடிச்சுட்டேன்னு அண்ணி அப்புறம் சொன்னாங்க.

இதுவரைக்கும் அப்படி ஒரு வரி கூட அவங்க படிச்சதில்ல. இப்போ இடது கை படிக்குது, வலது கை கீழ இறங்கி அடுத்த வரியோட ஓரத்தப் பிடிக்குது. முதல் ரெண்டு வரி கொஞ்சம் நிதானம், அப்புறம் பழையபடி ஓட்டம். மில் போற பஸ், மலைப்பாதை பஸ், துறைமுகம், ஆஸ்பத்திரி, ஒண்ணு கூட மாறல. நான் கையில இருந்த அச்சுத் தாளோட ஒத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன், கண்ணுல தண்ணி நின்னு எழுத்தே தெரியல. கடைசி வரி முடிஞ்சதும் வெளியில யாரோ கைதட்டினாங்க, அப்புறம் நிலையமே தட்டுச்சு. பெரிய அதிகாரி எழுந்து, மூலையில இருந்த இயந்திரத்தக் காட்டி, இத எடுத்துட்டுப் போங்கன்னாரு. அண்ணிக்கு ரெண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லிட்டு வெளிய போனாரு.

எனக்கு உசிரு போய் உசிரு வந்துது. அண்ணி இன்னும் மைக்க விடல. அதே அறிவிப்புக் குரல்ல, எதிரில் உள்ள இஸ்திரிக் கடைக்காரர் உடனடியாக அறிவிப்பு அறைக்கு வரவும்னு சொன்னாங்க. அப்புறம்தான் அணைச்சாங்க.

அண்ணன் ஓடி வந்தான். தோள்ல யாரோட பேண்டோ தொங்குது, அதக் கூட இறக்கி வெக்கல. மூச்சு வாங்குது. மைக் போச்சான்னு என்னக் கேட்டான். நான் வாயத் திறக்கறதுக்குள்ள அண்ணி அவன் கையப் பிடிச்சு இழுத்து, அவன் எழுதின தாள் மேல வெச்சாங்க.

"கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கு ஒரு கடுதாசி எழுதினதில்ல நீங்க. இன்னிக்குத்தான் உங்க கையெழுத்த முதல் தடவையா படிக்கிறேன். அதுவும் பூரா பஸ் டைம். அதுவும் பின்னாலேர்ந்து."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. தாள விளக்குக்குச் சாய்ச்சுப் பாத்தான். தலையில அடிச்சுக்கிட்டான். அப்புறம் அந்தப் பேண்டாலயே கண்ணத் துடைச்சுக்கிட்டான். தப்பா எழுதினத நீ எப்படிப் படிச்சேன்னு கேட்டான்.

"படிக்கத்தான் கத்துக்கிட்டேனே"ன்னாங்க அண்ணி. "அடுத்தத பஸ் இல்லாம எழுதுங்க."

அண்ணன் பக்கத்துல ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தான். அண்ணி பையில இருந்த ஸ்லேட்ட வாங்கி ஒரு புதுத் தாள மாட்டினான். வலது ஓரம் எதுன்னு ரெண்டு தடவை தடவிப் பாத்துட்டு, கண்ண மூடிக்கிட்டு, ஊசிய வெச்சான்.